நிதி கேட்டு எழுதும் முன் பதிவாளர் அலுவலகம் போங்கள்

நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், பின்னால் படிப்பவர்களுக்கும் உதவும். கன்னியாகுமரி மாவட்டத்தில் கருங்கல் பக்கத்தில் 2016-இல் சங்கமாகப் பதிவு செய்த வாசகசாலை. மாலை வகுப்பில் 45 பிள்ளைகள். செலவு ஊர் நன்கொடையில் ஓடுகிறது. 2019-க்குப் பிறகு பதிவாளர் அலுவலகத்தில் ஒன்றும் தாக்கல் செய்யவில்லை. வருமான வரித் துறையின் 12ஏ (சங்கத்தின் வருமானத்துக்கு வரிவிலக்குப் பதிவு), 80ஜி (நன்கொடை தருகிறவருக்கு வரிக்கழிவு கிடைக்கச் செய்யும் பதிவு) இரண்டும் கிடையாது. வளைகுடாவிலும் லண்டனிலும் இருக்கும் ஊர்க்காரர்கள் பணம் அனுப்பத் தயாராக இருக்கிறார்கள். இதற்கிடையில் ஒருவர், 15 சதவீத கமிஷன் கொடுத்தால் ஒரு பெரிய கம்பெனி சமூகப் பணிக்குச் செலவிடும் சிஎஸ்ஆர் நிதியை வாங்கித் தருகிறேன் என்கிறார். எந்தக் கம்பெனிக்கு, எந்த அறக்கட்டளைக்கு எழுதலாம் என்பது உங்கள் கேள்வி. முகவரிப் பட்டியல் தருவது சுலபம். ஆனால் இன்றைய நிலையில் அதில் யாருக்கு எழுதினாலும் இரண்டாவது கடிதத்திலேயே நின்றுபோகும். பணம் தருகிறவர் கேட்கும் முதல் நாலைந்து தாள்கள் உங்களிடம் இல்லை. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன். சட்டம் என்று நான் சொல்லும் இடங்களை உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். யார் தருவார்கள், எவ்வளவு தருவார்கள் என்பது அனுபவத்தில் வரும் கணிப்பு, அது மாறும்.

முதல் வேலை மாவட்டப் பதிவாளர் அலுவலகம். நம் மாவட்டத்தில் நாகர்கோவில், மார்த்தாண்டம் என்று இரண்டு பதிவு மாவட்டங்கள் இருப்பதால், சான்றிதழில் எந்த அலுவலக முத்திரை என்று பார்த்துவிட்டு பஸ் ஏறுங்கள். 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி வருடாவருடம் பொதுக்குழு கூட்டி, வரவு செலவுக் கணக்கையும் உறுப்பினர் பட்டியலையும் நிர்வாகிகள் மாற்றத்தையும் தாக்கல் செய்ய வேண்டும். விட்டுப்போன வருடங்களைத் தாமதக் கட்டணத்தோடு சேர்த்துக் கட்டலாம். பழைய சங்கத்தைக் கிடப்பில் போட்டுவிட்டுப் புதிதாக ஒரு டிரஸ்ட் பதிந்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். பெரும்பாலான நிதி நிறுவனங்கள் மூன்று வருடக் கணக்கைக் கேட்கும். புது டிரஸ்டுக்கு அந்த மூன்று வருடம் இன்றிலிருந்துதான் எண்ணப்படும். 2016 என்ற அந்த எண் உங்களுக்கு ஒரு சொத்து.

விட்டுப்போன கணக்கைச் சரிசெய்யும்போது நிறையப் பேர் செய்கிற தவறு ஒன்று உண்டு. ஆறு வருடத் தீர்மானப் புத்தகத்தை ஒரே நாளில், ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் எழுதி முடித்துவிடுவார்கள். பொருளாளர் மஸ்கட்டில் இருந்த மாதத்தில் அவர் கையொப்பம் கருங்கல் கூட்டத்தில் இருக்கும். பார்க்கிறவருக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். நடக்காத கூட்டத்தை எழுத வேண்டாம். இப்போது ஒரு பொதுக்குழு முறையாக அறிவிப்புக் கொடுத்துக் கூட்டுங்கள். இந்த வருடங்களில் கூட்டம் நடக்கவில்லை என்பதையும், வங்கிப் பாஸ்புக், ரசீதுப் புத்தகத்தின் அடிக்கட்டை, கையில் இருக்கும் பில்கள் ஆகியவற்றை வைத்து ஆடிட்டர் தயாரித்த கணக்கை இந்தக் கூட்டம் ஏற்கிறது என்பதையும் தீர்மானமாக எழுதுங்கள். பில் இல்லாத செலவை பில் இல்லாதது என்றே காட்டச் சொல்லுங்கள். கட்டடத்துக்கான பத்திரமும் பாருங்கள். 1956 நவம்பர் 1 வரை இந்தப் பகுதி திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்ததால், நிலத்தின் மூலப் பத்திரம் மலையாளத்தில் இருக்க வாய்ப்பு அதிகம். நிலம் சங்கத்தின் பெயரில் இல்லாமல் தொடங்கியவரின் பெயரிலேயே கிடந்தால், குறைந்தபட்சம் வாரிசுகளிடமிருந்து வாடகை ஒப்பந்தமோ சம்மதக் கடிதமோ வேண்டும். முகவரிச் சான்று இல்லாமல் அடுத்த படி ஏற முடியாது.

அதே பொதுக்குழுவில் பைலாவையும், அதாவது சங்கத்தின் விதிமுறைகளையும், எடுத்து வைத்துப் படியுங்கள். மூன்று இடங்களில் கை வைக்க வேண்டியிருக்கும். ஒன்று, சங்கத்தின் வருமானமோ சொத்தோ எந்த உறுப்பினருக்கும் பங்காகப் போகாது என்ற வரி. இரண்டு, சங்கம் கலைந்தால் மீதிச் சொத்து இதே நோக்கமுள்ள, வருமான வரி விலக்குப் பதிவு பெற்ற இன்னொரு அமைப்புக்குப் போகும் என்ற வரி. பழைய பைலாக்களில் ‘பொதுக்குழு முடிவு செய்தபடி’ என்று விட்டிருப்பார்கள், அது போதாது. மூன்றாவதுதான் நம் மாவட்டத்தில் அதிகம் இடிக்கிற இடம். நம் ஊர்ச் சங்கங்கள் பல, தேவாலயப் பங்கு அல்லது கோயில் கமிட்டியிலிருந்தோ சமுதாய சங்கத்திலிருந்தோ கிளைத்தவை. நோக்கத்தில் ‘நம் சமுதாயப் பிள்ளைகள்’, ‘இந்தப் பங்கைச் சேர்ந்தவர்கள்’ என்று இருந்தால் வரிவிலக்கே சிக்கலாகும். குறிப்பிட்ட மதத்தினர் அல்லது சாதியினரின் நலனுக்கென்றே உள்ள அமைப்புக்கு 80ஜி கிடையாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பிற்படுத்தப்பட்டோர், பெண்கள், குழந்தைகள் ஆகியோருக்கான அமைப்பை வருமான வரிச் சட்டம் இந்தத் தடையில் சேர்ப்பதில்லை. ஆகவே ‘சாதி மத வேறுபாடின்றி இப்பகுதிக் குழந்தைகள்’ என்று எழுதுவதுதான் பாதுகாப்பு. எழுதினால் மட்டும் போதாது, வருகைப் பதிவேடும் அப்படியே இருக்க வேண்டும்.

அடுத்தது 12ஏ, 80ஜி. 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறை என்பதால் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறுகின்றன. ஊரில் இன்னும் கொஞ்ச காலம் எல்லோரும் பழைய எண்ணைத்தான் சொல்வார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். உங்களுக்கு முக்கியமான நுணுக்கம் இது: இன்னும் வேலை தொடங்காத அமைப்புக்குத்தான் தற்காலிகப் பதிவு. ஏற்கெனவே வகுப்பு நடத்திக்கொண்டிருக்கும் நீங்கள் நேரடியாக முறையான பதிவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். தற்காலிகம் சுலபமாகக் கிடைக்கிறதே என்று ‘இன்னும் தொடங்கவில்லை’ என்ற கட்டத்தில் டிக் அடித்துவிடுவார்கள். அது பொய்யான தகவல். பிற்பாடு முறையான பதிவு கேட்கும்போது உங்கள் 2017 பரிசளிப்பு விழாப் படமே உங்களுக்கு எதிராக நிற்கும். முறையான பதிவில் சென்னையிலுள்ள விலக்குப் பிரிவு ஆணையர் அலுவலகம் கேள்வி கேட்கும்: மூன்று வருடக் கணக்கு, செய்த பணிக்கு ஆதாரம், நன்கொடையாளர் பட்டியல், நிர்வாகிகளின் விவரம். கேள்வி தபாலில் வராது, மின்னஞ்சலிலும் இணையதளக் கணக்கிலும் வரும். பதில் சொல்ல அவகாசம் குறைவு. பதிவு செய்து கொடுத்த பிரவுசிங் சென்டர்காரரின் மின்னஞ்சல் அங்கே இருந்தால், நோட்டீஸ் வந்ததே உங்களுக்குத் தெரியாமல் விண்ணப்பம் தள்ளுபடியாகும். சங்கத்துக்கென்று ஒரு மின்னஞ்சல், ஒரு கைபேசி எண் வைத்து, கடவுச்சொல்லைச் செயலாளர், பொருளாளர் இருவரும் வைத்திருங்கள். தொண்டு அமைப்புகள் பதியும் நிதி ஆயோக்கின் என்ஜிஓ தர்ப்பண் தளத்திலும் பதிந்துவிடுங்கள். கட்டணம் கிடையாது, பேன் கார்டு வேண்டும்.

80ஜி கிடைத்தபின் வேலை கூடும் என்பதைப் பலர் சொல்வதில்லை. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகத் தந்தவருக்கு வரிக்கழிவு கிடைக்காது. ஒவ்வொரு நிதியாண்டிலும் யார் எவ்வளவு தந்தார்கள் என்ற அறிக்கையை மே 31-க்குள் இணையத்தில் ஏற்றி, அதிலிருந்து வரும் சான்றிதழைத்தான் நன்கொடையாளருக்குக் கொடுக்க வேண்டும். பழைய எண்ணில் அறிக்கையை 10பிடி, சான்றிதழை 10பிஇ என்பார்கள். தாமதத்துக்கு நாளொன்றுக்கு 200 ரூபாய். ஆகவே ரசீது எழுதும்போதே பேன் எண் கேட்டு எழுதும் பழக்கம் வேண்டும். ஊர்த் திருவிழாவில் துண்டு ஏந்தி வசூலிப்பதுபோல் பெயரில்லாமல் வரும் பணம் ஓர் அளவைத் தாண்டினால் 30 சதவீதம் வரி. அந்த அளவு ஒரு லட்சம் ரூபாய், அல்லது மொத்த நன்கொடையில் 5 சதவீதம், இரண்டில் எது அதிகமோ அது.

இனி எவ்வளவு கேட்பது. நீங்கள் போட்ட பதிவில் ‘ஐந்து லட்சமாவது வேண்டும்’ என்று இருக்கிறது. அந்த ஐந்து எங்கிருந்து வந்தது என்று கேட்டால் உங்களால் சொல்ல முடியாது என்றே நினைக்கிறேன். நீங்கள் தந்த விவரத்தை வைத்து ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், விலைகளை உங்கள் ஊர் நிலவரத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஜூன் முதல் மார்ச் வரை 10 மாதம், மாதம் 20 நாள், ஆக 200 நாள். இரண்டு ஆசிரியர்களுக்கு மாதம் 4,000 வீதம் 80,000. பிள்ளைகளுக்குச் சுண்டல், ஒருவருக்கு 8 ரூபாய். இங்கேதான் எல்லோரும் தவறுவார்கள்: 45 பேர் பெருக்கல் 200 நாள் என்று 72,000 எழுதிவிடுவார்கள். பெயர் கொடுத்தவர்கள் 45. மழை, காய்ச்சல், ஊர்த் திருவிழா எல்லாம் கழித்து வருகைப் பதிவேட்டின் சராசரி 36 என்றால் 57,600 தான் எழுத வேண்டும். இல்லாவிட்டால் வருடக் கடைசியில் 14,400 ரூபாய் மீந்து நிற்கும். அதை எதில் எழுதுவது என்று தெரியாமல் பொருளாளர் ஒரு போலி பில் தேடுவார், அங்கிருந்துதான் அமைப்பு கெட ஆரம்பிக்கும். நோட்டு, பேனா தலைக்கு 300 வீதம் 45 பேருக்கு 13,500. இதற்கு மட்டும் 45 சரி, வராத நாளுக்கு நோட்டு குறையாது. புத்தகங்கள் 15,000. மின் கட்டணம் மாதம் 600 வீதம் 6,000. ஆடிட்டர், தாக்கல் செலவு 10,000. மொத்தம் 1,82,100. இதில் மின் கட்டணமும் ஆடிட்டர் செலவும் சங்கமே ஏற்கும் என்றால் நீங்கள் கேட்க வேண்டியது 1,66,100. கட்டடத்துக்கு வாடகை இல்லை என்பதையும் உள்ளூர்ப் பங்காகத் தனி வரியில் காட்டுங்கள். ஒரு பிள்ளைக்கு வருடம் சுமார் 4,050 ரூபாய் என்ற எண், ஐந்து பக்கம் ‘கல்வியின் முக்கியத்துவம்’ எழுதுவதைவிட அதிகம் பேசும்.

கடிதம் இரண்டு பக்கம் போதும். பிள்ளைகள் எந்தப் பள்ளிகளிலிருந்து வருகிறார்கள், வகுப்புக்கு முன் அவர்களால் எதைப் படிக்க முடியவில்லை, ஒரு வருடம் கழித்து என்ன செய்ய முடியும், அதை எப்படி அளப்பீர்கள். ஜூனில் ஒரு பத்தி வாசிக்கச் சொல்லிக் குறித்து வையுங்கள், நவம்பரிலும் மார்ச்சிலும் அதே அளவுப் பத்தி. 2021-இல் அரசு இல்லம் தேடிக் கல்வி என்ற மாலை வகுப்புத் திட்டத்தைத் தொடங்கியதே, நீங்கள் எதற்கு என்று நிச்சயம் கேட்பார்கள். அதற்கு விடை தயாராக இருக்க வேண்டும்: உங்களிடம் 9, 10-ஆம் வகுப்புப் பிள்ளைகள் இருந்தால் அதுவே விடை, அந்தத் திட்டம் 8-ஆம் வகுப்போடு நின்றது.

யாரிடம் போவது? என் கணிப்பில் முதல் வருடத்துக்குச் சிஎஸ்ஆரை மறந்துவிடலாம். கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவில் வரும் கம்பெனி, சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் செலவிட வேண்டும். அதை உங்களைப் போன்ற வெளி அமைப்பின் வழியாகச் செய்ய, அந்த அமைப்புக்கு 12ஏ, 80ஜி, மூன்று வருடப் பணி அனுபவம், கம்பெனி விவகார அமைச்சகத்தின் சிஎஸ்ஆர்-1 பதிவு எண் எல்லாம் வேண்டும். இவை கிடைத்தபின் தன் ஆலையைச் சுற்றியுள்ள பகுதிக்கு முன்னுரிமை தரும் கம்பெனியைத் தேடுங்கள். ஆரல்வாய்மொழி, முப்பந்தல் பக்கத்துக் காற்றாலைக் கம்பெனிகள், மணவாளக்குறிச்சியில் கடற்கரை மணலிலிருந்து கனிமம் பிரிக்கும் பொதுத்துறை நிறுவனமான ஐஆர்இஎல் ஆகியவை நம் மாவட்டத்தில் இயல்பாக நினைவுக்கு வருபவை. மணல் எடுப்பதற்குக் கடலோர ஊர்களில் எதிர்ப்பு இருப்பது உங்களுக்குத் தெரியும். அங்கே கேட்பதா வேண்டாமா என்பதைச் செயலாளர் தனியாக முடிவு செய்யாமல் பொதுக்குழுவில் வையுங்கள், பிற்பாடு ஊர் இரண்டாகாமல் இருக்கும். ஒன்றரை லட்ச ரூபாய் வேலையைப் பெரிய கம்பெனிகள் பெரும்பாலும் விரும்புவதில்லை, ஐம்பதாயிரத்துக்கும் ஐம்பது லட்சத்துக்கும் அவர்களுக்குத் தாள் வேலை ஒன்றுதான். உங்கள் அளவுக்குப் பொருந்துவது ரோட்டரி, லயன்ஸ் கிளப்புகள், உள்ளூர் வங்கிக் கிளை, நாகர்கோவில், மார்த்தாண்டம் கடைக்காரர்கள். அவர்களிடம் மொத்தத்தையும் கேட்காமல் ஒரு வரியைக் கேளுங்கள்: ‘ஒரு வருட நோட்டுச் செலவு, 13,500.’ கட்டட வேலை என்றால் நமக்கு நாமே திட்டம் இருக்கிறது, மக்கள் பங்கு மூன்றில் ஒன்று, மீதி அரசு. ஆனால் அது பொதுச் சொத்தை உருவாக்கும் திட்டம். சங்கத்துக்குச் சொந்தமான கட்டடத்தை அதில் புதுப்பிக்கலாம் என்று எண்ணிக்கொண்டு வசூலில் இறங்கிவிடாதீர்கள், ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் முதலில் கேளுங்கள்.

வெளிநாட்டுப் பணம் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும், நம் மாவட்டத்தில் இது தெரியாமல் மாட்டுகிறவர்கள் உண்டு. 2010-ஆம் ஆண்டின் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது எஃப்சிஆர்ஏ, பணம் எந்த நாட்டிலிருந்து வருகிறது என்று பார்ப்பதில்லை, யாருடையது என்று பார்க்கிறது. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருக்கும் ஒருவர் துபாயில் சம்பாதித்த சொந்தப் பணத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. வளைகுடாவில் இருக்கும் நம்மவர்கள் அநேகமாக எல்லோரும் இந்தியப் பாஸ்போர்ட்தான், அதனால் அங்கிருந்து தனித்தனியாக வருவதை வாங்கலாம். பாஸ்போர்ட்டின் முதல் பக்க நகலும் ‘என் சொந்தச் சம்பாத்தியம்’ என்ற ஒரு வரிக் கடிதமும் வாங்கிக் கோப்பில் வையுங்கள். லண்டன்காரர் பிரிட்டன் குடியுரிமை வாங்கியிருந்தால், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை இருந்தாலும், அவர் வெளிநாட்டு ஆதாரம். அதேபோல் குவைத்தில் ஊர்க்காரர்கள் சேர்ந்து நடத்தும் சங்கத்தின் பெயரில் வரும் பணமும், அதன் உறுப்பினர் அனைவரும் இந்தியரே ஆனாலும், வெளிநாட்டுப் பங்களிப்புதான். இதை உங்கள் சாதாரணக் கணக்கில் வாங்குவது குற்றம். லண்டன்காரர் இங்கே இருக்கும் தம்பியின் கணக்குக்கு அனுப்பி, தம்பி உங்களுக்குத் தருவதும் அதே வகைதான். எஃப்சிஆர்ஏ பதிவு உங்களுக்கு இப்போது கிடைக்காது: மூன்று வருட வயதோடு, கடந்த மூன்று நிதியாண்டில் நோக்கத்துக்காக 15 லட்சம் செலவிட்டிருக்க வேண்டும். கிடைத்தாலும் பணம் முதலில் புதுதில்லியில் பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளைக் கணக்கில்தான் வர வேண்டும், பதிவு பெற்ற இன்னொரு சங்கம் வாங்கி உங்களுக்குப் பிரித்துத் தரவும் 2020 திருத்தத்துக்குப் பிறகு வழியில்லை. லண்டன்காரரை ஊருக்கு வரும்போது பிள்ளைகளுக்கு ஆங்கில வகுப்பு எடுக்கச் சொல்லுங்கள், அதற்கு எஃப்சிஆர்ஏ பதிவு வேண்டாம்.

பணம் வந்தபின் ஒவ்வொரு நிதிக்கும் பேரேட்டில் தனிப் பக்கம். ஒருவருக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால், அதை நற்பணிச் செலவாக வருமான வரியில் ஏற்கமாட்டார்கள். ஆசிரியர் சம்பளத்தை வங்கிக் கணக்கிலேயே போடுங்கள். சுண்டல் செய்து தரும் அக்காவிடம் பில் இருக்காது. வாரத்துக்கொரு வவுச்சர், தேதி, எத்தனை பிள்ளைகள், தொகை, அவர் கையொப்பம், பின்னால் கடலை வாங்கிய கடைச் சீட்டு ஒட்டியது, இவ்வளவும் இருந்தால் எந்த ஆடிட்டரும் ஏற்பார். வருகைப் பதிவேட்டில் அன்று 31 என்று இருந்து வவுச்சரில் 45 என்று இருக்கக் கூடாது, தணிக்கைக்கு வருகிறவர் முதலில் ஒப்பிடுவது இந்த இரண்டையும்தான். ஒரு தலைப்பில் மீந்ததை இன்னொன்றில் செலவிட வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். அநேகமாகச் சரி என்பார்கள். செலவிட்டுவிட்டுச் சொன்னால்தான் சிக்கல்.

அந்தக் கமிஷன்காரர் விஷயம். 12ஏ, 80ஜி, சிஎஸ்ஆர்-1 ஒன்றும் இல்லாத உங்கள் சங்கத்துக்கு எந்தக் கம்பெனியும் சிஎஸ்ஆர் கணக்கில் பணம் தர முடியாது என்று மேலே பார்த்தோம். அப்படியானால் அவர் என்ன செய்வார்? ஒன்று, ‘பதிவுச் செலவு’ என்று முன்பணம் வாங்கிக்கொண்டு போய்விடுவார். இல்லையென்றால் உங்கள் லெட்டர்பேடையும் முத்திரையையும் வேறு எதற்கோ பயன்படுத்துவார். இதைவிட மோசமான ஒரு வகையும் இருக்கிறது: கணக்கில் பணம் உண்மையாகவே வரும், பெரும்பகுதியை ரொக்கமாகத் திருப்பித் தரச் சொல்வார்கள். பொய்ச் செலவு காட்டிக் கையெழுத்துப் போடுகிறவர்கள் நீங்கள், வழக்கு வந்தால் நிற்கப்போவதும் நீங்கள். உண்மையான நிதி நிறுவனம் விண்ணப்பக் கட்டணமோ முன்பணமோ கேட்காது. விண்ணப்பம் எழுதித் தருகிறவருக்கு வேலைக்கேற்ற கூலி கொடுப்பது வேறு. கிடைக்கும் நிதியில் சதவீதம் பேசாதீர்கள், அந்தச் சதவீதத்தை எழுத எந்த பட்ஜெட்டிலும் வரி கிடையாது. வெற்று லெட்டர்பேடில் ஏற்கெனவே கையொப்பம் போட்டுக் கொடுத்திருந்தால், இன்றே எழுதித் திரும்பக் கேளுங்கள், கடிதத்தின் நகலைத் தீர்மானப் புத்தகத்தில் ஒட்டுங்கள்.

உங்கள் பைலாவில் சங்கம் கலைவது பற்றிய பத்தியையும் நோக்கங்கள் பத்தியையும், பெயர்களை மறைத்துவிட்டு, இங்கே தட்டச்சு செய்து போடுங்கள். எந்த வரியை மாற்ற வேண்டும் என்று சொல்கிறேன். திருத்தத்தைப் பொதுக்குழுவில் வைப்பதற்கு முன் உங்கள் ஆடிட்டரிடமும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.